பாசிமணியில் ஒரு கோபுரக் கரை

பதினோரு நாள்தான் தாங்கியது. மகள் ஏதோ கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய மணிப்பட்டை பள்ளி வேனில் அறுந்து, பாதி மணி சீட்டுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. மீதியை ஜியாமெட்ரி பாக்ஸில் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினாள். "நீயே ஒண்ணு பண்ணிக் குடும்மா. தாத்தாதான் தறிக்காரராச்சே."

தாத்தா தறிக்காரர்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர் என் அப்பா. நான் ஒரு நாள்கூடத் தறியில் உட்கார்ந்ததில்லை. பி.காம் முடித்துவிட்டுக் கணக்கு எழுதும் வேலைக்கு வந்துவிட்டேன். இருந்தாலும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே, கைக்கு வராமலா போகும் என்ற தைரியத்தில் சரி என்றேன். அந்தத் தைரியத்தால் மூன்று பட்டைகள் வீணாயின. நான்காவதுதான் இப்போது அவள் கையில் இருக்கிறது.

மணிப்பட்டை பின்னுவதற்குத் தறியே வேண்டாம், ஊசியும் நூலும் போதும் என்பது ஒரு வகை. அதில் 'பியோட்டி' என்ற பின்னலைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். செங்கல் சுவர் போல ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியிலிருந்து அரை மணி தள்ளி உட்காரும். பஸ்ஸில் போகும்போதுகூட எடுத்துப் பின்னலாம். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது காஞ்சிப் பட்டின் கரை: இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே நீளும் கோபுரங்கள், நடுவில் ருத்ராட்சம். சரியாக நடுவில் ஒரு உருவம் உட்கார வேண்டுமென்றால் குறுக்கே மணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். பியோட்டியில் ஒற்றைப்படை வைத்தால் ஒரு ஓரத்தில் திரும்பும்போதெல்லாம் நூலைச் சுற்றி வளைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தறியில் அந்தத் தொல்லை கிடையாது. கட்டம் போட்ட தாளில் வரைந்ததை, கட்டத்துக்கு ஒரு மணியாக அப்படியே வைத்துக்கொண்டு போகலாம். அதனால் தறி என்று முடிவு செய்தேன்.

தறி என்றதும் பயப்பட வேண்டாம். என் தறி ஒரு பழைய போட்டோ ஃபிரேம். கண்ணாடியை எடுத்துவிட்டு, மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் நெருக்கமான பல் உள்ள பிளாஸ்டிக் சீப்பின் ஒரு துண்டைப் பசை போட்டு ஒட்டினேன். நூலைக் கட்ட, சட்டத்தின் வெளிப்பக்கம் இரண்டு ஆணி. அவ்வளவுதான். கடையில் விற்கும் சின்னத் தறிகளில் சீப்புக்குப் பதில் ஸ்பிரிங் இருக்கும், வேலை ஒன்றுதான். பல்லின் இடைவெளி மணியின் நீளத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும் என்றுகூட இல்லை. நாலைந்து வரிசை ஓடியதும் மணிகளே நூல்களைத் தங்கள் அளவுக்கு இழுத்துக்கொள்ளும்.

முதல் பட்டை வீணானதற்குக் காரணம் மணி. பாரிமுனையை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் நூறு கிராம் பாக்கெட்டாக நான்கு நிறம் வாங்கி வந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினேழு மணி கோத்த ஒரு வரிசை 24 மில்லிமீட்டர் வந்தது, அடுத்தது 27. பத்து வரிசைக்குள் ஓரம் உப்பியும் ஒடுங்கியும், தவளையை விழுங்கிய பாம்பு போல ஆகிவிட்டது. சில மணிகளில் துளையே அடைத்திருந்தது. பிடிவாதமாக முடித்து மகளுக்குக் கட்டினேன். மறுநாள் சாயங்காலம் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் ரோஸ் கலரில் ஒரு வளையம். வியர்வையில் சாயம் இறங்கியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் இது சாதாரண விஷயமில்லை.

இப்போதெல்லாம் எந்த மணி வாங்கினாலும் முதலில் சோதனை. ஒவ்வொரு நிறத்திலும் பத்து மணியை எடுத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சில் ஒரு இரவு மடித்து வைப்பேன். இன்னும் பத்தை நெயில் பாலிஷ் ரிமூவரில் அரைமணி நேரம் போடுவேன். வேறொரு பத்தைப் பாதி மூடிய டப்பியில் மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் விட்டு, மூடியிருந்ததையும் வெயில் பட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடிக்குள்ளேயே நிறம் கலந்த மணி எதற்கும் அசையாது. மேலே சாயம் பூசியது, குறிப்பாக ரோஸும் ஊதாவும், சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். தங்கம் போல மின்னும் மணிகளில் மேல்பூச்சு வியர்வையில் உரிந்து உள்ளே இருக்கும் நிறம் தெரிய ஆரம்பிக்கும். கழுத்துமணிக்குப் பரவாயில்லை, மணிக்கட்டுக்கு வேண்டாம்.

மணி அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது எனக்குப் புரிந்தது ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி போனபோது. அங்கே அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளை வைத்திருக்கிறார்கள். 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினாரே, புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகம், அந்த அரிக்கமேடு. அங்கே மணி செய்த விதம் இது: உருக்கிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளமான குழலாக இழுப்பது, குழலைத் துண்டு துண்டாக நறுக்குவது, துளை மூடிக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலில் கலந்து திரும்பவும் சூடாக்கி முனைகளை மழுக்குவது. இந்த வகை மணிகள் கடல் கடந்து பல நாடுகளில் கிடைத்ததால் பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இதே வழியில் குழல் இழுத்து மணி செய்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். நாம் வாங்கும் சின்ன மணியும் இழுத்த குழலை நறுக்கியதுதான். குழல் ஓரிடத்தில் மெலிந்தால் மணியும் மெலியும், கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்தால் மணி நீளும். கையால் நறுக்கிய அந்த மணிகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களிடம் எத்தனை முறை பேரம் பேசியிருப்பேன் என்ற நினைப்பும் வந்தது.

பட்டை நெய்ய ஏற்றது ஜப்பான் உருளை மணி. மியுகி என்ற நிறுவனத்தின் டெலிகா, தோஹோ நிறுவனத்தின் ட்ரெஷர், இரண்டும் ஹிரோஷிமா பக்கத்திலிருந்து வருகின்றன. விலை, நான் முதலில் வாங்கிய மணியைப் போலப் பல மடங்கு. ஆனால் நறுக்கிய குழாய்த் துண்டு போல நேராக, மெல்லிய சுவரும் பெரிய துளையுமாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓடு பதித்த மாதிரி உட்காரும். செக் நாட்டு மணிகள் வளையம் மாதிரி உருண்டையானவை. எம்ப்ராய்டரிக்கும் குஞ்சத்துக்கும் அழகு, ஆனால் தறியில் வைத்தால் கோபுரத்தின் படிகள் மழுங்கித் தெரியும். அளவைச் சொல்லும் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு: எண் பெரிதானால் மணி சிறிது. 8 பெரியது, 11 நடுத்தரம், 15 பொடி. நான் எடுத்தது 11. ஒரு மணி சுமார் 1.6 மில்லிமீட்டர் குறுக்களவு, 1.3 நீளம். கிராமுக்கு ஏறக்குறைய 200 மணி.

என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவருக்கு இந்த இடம் இனிக்கும். மகளின் மணிக்கட்டு 16 சென்டிமீட்டர். கையில் இறுக்காமல் இருக்க 17 வேண்டும். பொத்தானும் வளையமும் 2 எடுத்துக்கொள்ளும். ஆக, நெய்ய வேண்டியது 15. வரிசைக்கு 1.6 மில்லிமீட்டர் என்றால் 94 வரிசை. குறுக்கே 17 மணி. மொத்தம் 1,598 மணி, அதாவது 8 கிராம். நான் முதலில் வாங்கியது 400 கிராம்.

கோபுரம் இப்படி: ஓரத்து மணியில் 7 வரிசை மஞ்சள், அதற்கு உள்ளே 5, அப்புறம் 3, உச்சியில் 1. இரண்டு கோபுரத்துக்கு நடுவில் ஒரு வரிசை இடைவெளி. ஆக ஒரு கோபுரத்துக்கு 8 வரிசை, 11 கோபுரத்துக்கு 88. இரண்டு முனையிலும் வெறும் அரக்கு நிறத்தில் 3 வரிசை. கணக்கு அச்சாக 94இல் முடிந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் தாளில் வட்டமாக இருந்த ருத்ராட்சம் பட்டையில் முட்டையாகிவிட்டது. காரணம், தாளில் கட்டம் சதுரம், மணி சதுரமில்லை. குறுக்கே ஒரு மணியும், தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூலும் சேர்ந்து 1.45 மில்லிமீட்டர்தான், நீளவாக்கில் 1.6. ஏழுக்கு ஏழாக வரைந்த வட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது. வட்டத்தைச் சின்னதாக, ஐந்துக்கு ஐந்தாக மாற்றினேன். சின்ன உருவத்தில் நீட்சி கண்ணில் படுவதில்லை. எழுத்தோ முகமோ நெய்ய நினைப்பவர்கள் கட்டத்தையே மணியின் அளவுக்கு நீட்டி அச்சடித்துக்கொள்வது நல்லது. குறுக்குத்தையல் படங்களை அப்படியே எடுத்தாலும் இதே கதைதான்.

நல்ல மணி வந்தது. இரண்டாவது பட்டை தொடங்கினேன். இரண்டு ராத்திரியில் 94 வரிசையும் முடிந்தது. தறியில் இருக்கும்போது அப்படி ஒரு அழகு. நூலை வெட்டிக் கையில் எடுத்தேன். பட்டை வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்துகொண்டது. மேஜையில் வைத்து அமுக்கினால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த வாரம் அப்பா தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவு எப்படிம்மா போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு நூலாக வெட்டி, இந்த ஆணியில் ஒரு முடிச்சு, அந்த ஆணியில் ஒரு முடிச்சு என்று சொன்னேன். "இருபது நூலுக்கு நாப்பது முடிச்சா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இறுக்கம் இருக்குமே." காலித் தறியை மடியில் வைத்துக்கொண்டு, இதை மறுபடி போடு, நான் பார்க்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் முழுவதும் பாவுதான். மணியை எடுக்க விடவில்லை. அவர் ஊரில் பட்டுப்பாவைத் தெருவில் நீட்டி, இழை இழையாகத் தடவி, அறுந்ததைப் பிணைத்து, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது அதற்குக் கீழே குனிந்து போனதுண்டு, நின்று பார்த்ததில்லை.

17 மணிக்கு 18 இழை வேண்டும், மணிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூட. இரண்டு ஓரத்திலும் இழையை இரட்டையாகப் போட்டால் 20. ஓரம்தான், மணிகளுக்குள் குறுக்கே ஓடும் ஊடை நூல் திரும்பும்போது இழுபடும், அதற்காக இந்த இரட்டை. ஒவ்வொரு இழையும் 60 சென்டிமீட்டர்: பட்டை 15, தறியில் கட்டவும் பிறகு முனை முடிக்கவும் மீதி. மொத்தம் 12 மீட்டர். இதை வெட்டாமல் ஒரே நூலாக, ஆணியில் ஆரம்பித்து, சீப்பின் பல்லில் விழுத்தி, எதிர் ஆணியில் சுற்றித் திருப்பி, மறுபடி அடுத்த பல்லில் என்று சுற்றிக்கொண்டே போகச் சொன்னார். நூல்கட்டையை ஒரு டம்ளருக்குள் போட்டுக்கொண்டால் உருண்டு ஓடாது, ஒரே சீராக வரும். இரண்டே முடிச்சு, தொடக்கத்திலும் முடிவிலும்.

சுற்றி முடித்ததும் விரல் நகத்தால் ஒவ்வொரு இழையாகச் சுண்டினார். வீணை மீட்டுகிற மாதிரியெல்லாம் இல்லை, 'டப் டப்' என்றுதான் கேட்டது. "இது கெட்டி. இதுவும் கெட்டி. இது தொளதொளன்னு இருக்கு பாரு." தொளதொளத்த இழையின் தளர்வை அடுத்தடுத்த இழைக்குத் தள்ளிக் கடைசி முடிச்சு வரை கொண்டுபோனார். பிறகு சீப்புக்கும் ஆணிக்கும் நடுவில் எல்லா இழைக்கும் அடியில் ஒரு பென்சிலை நுழைத்தார். பாவு மொத்தமும் ஒரே சமயத்தில் இறுகியது. நான் வளைத்த வாழைப்பழத்துக்குக் காரணம் இழைக்கு இழை மாறிய இறுக்கம்தான்: இறுகிய இழைகள் தறியிலிருந்து விடுபட்டதும் அந்தப் பக்கம் சுருங்கியிருக்கின்றன. ரொம்ப இறுக்குவதும் தப்பு, வெட்டியதும் பட்டை முழுவதுமே சுருங்கிச் சுருக்கம் விழும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி உடனே மேலே வர வேண்டும். அதுதான் பதம்.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தையல் நூல் வேண்டாம். மணியின் விளிம்பு கண்ணாடி, பஞ்சு நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். மகளின் கண்காட்சிப் பட்டை அறுந்தது அதனால்தான். மணிவேலைக்கென்று வரும் நைலான் நூல் மென்மையாக விழும், ஆனால் கொஞ்சம் நீளும் குணம் உண்டு. அதைக் கையால் நன்றாக இழுத்து நீட்டிவிட்டு, தேன்மெழுகில் ஒரு தடவை உருவி எடுத்துப் போட வேண்டும். நான் கடைசியில் நின்றது மீன்பிடி நூலில். ஃபயர்லைன் என்ற வகை, 6 பவுண்டு எடை தாங்குவது. நீளாது, அறுபடாது. சாம்பல் நிற நூல் விரலையும் வெளிர்நிற மணியையும் கொஞ்சம் கறுப்பாக்கும், ஈரத்துணியில் உருவிவிட்டால் போதும். நல்ல கத்தரியால் வெட்டாதீர்கள், முனை மொட்டையாகிவிடும். மகளின் பழைய கிராஃப்ட் கத்தரி போதும்.

நூலின் நிறத்துக்கும் வேலை இருக்கிறது. அப்பா கேட்ட கேள்வியால்தான் இது தெரிந்தது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டால் பட்டில் மயில்கழுத்து போல இரட்டை நிறம் அடிக்கும். "மணியில அது வராதா?" என்றார். பாவு மணிக்கு நடுவில் மறைந்துவிடுகிறதே, வராது என்றேன். ஆனால் ஊடை நூல் மணிக்கு உள்ளேதானே ஓடுகிறது? மணி கண்ணாடியாக, ஊடுருவித் தெரிவதாக இருந்தால் நூலின் நிறம் வெளியே தெரியும். வெளிர்நீல மணியில் ஒரு வரிசை வெள்ளை நூல், ஒரு வரிசை கறுப்பு நூல் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு வேறு நீலம். மயில்கழுத்து வரவில்லைதான், ஆனாலும் அப்பா அதை ஜன்னலுக்கு ஜன்னல் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெய்வது சுலபம், சொல்லத்தான் நீளம். ஊடை நூலை ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வெட்ட வேண்டாம், சிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நூல் போகும் இடமெல்லாம் மணியைத் தேட வேண்டியிருக்கும். மணியைத் தட்டில் போடாமல் வெல்வெட் துணியில் கொட்டினால் உருளாது, ஊசியால் அப்படியே குத்தி எடுக்கலாம். ஊசி 10 அல்லது 12 எண், நீளமாகத் தலைமுடி போல மெல்லியதாக இருக்கும்.

முதலில் மணியே இல்லாமல் வெறும் நூலை மேலும் கீழுமாகப் பாவில் விட்டு அரை சென்டிமீட்டர் நெய்துகொள்ள வேண்டும். இழைகள் ஒழுங்காக நிற்கும், கடைசியில் முனை மடிக்கவும் இதுதான் உதவும். அப்புறம் ஒரு வரிசைக்கு உரிய 17 மணியையும் வரைபடத்தில் உள்ள வரிசைப்படி ஊசியில் கோக்க வேண்டும். பாவுக்கு அடியில் கொண்டுபோய், இடது கை ஆள்காட்டி விரலால் மேலே தள்ளினால் ஒவ்வொரு மணியும் இரண்டு இழைகளுக்கு நடுவில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு ஊசியை எதிர்ப்பக்கமிருந்து மணிகளுக்குள் திரும்ப விட வேண்டும். இந்த முறை ஊசி பாவுக்கு மேலே போக வேண்டும். மணி அடியில் ஒரு நூல், மேலே ஒரு நூல் என்று பாவைக் கவ்விக்கொள்ளும். மேலேதான் போகிறதா என்று ஊசியின் முனையைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். ஒரு இழைக்குக் கீழே போய்விட்டால் அந்த மணி நிற்காமல் தொங்கும். இழையையே குத்திவிட்டால் தெரியாது, ஆனால் வரிசை கோணலாகும். முதல் இரண்டு வரிசை ஆட்டம் காட்டும். மூன்றாவதிலிருந்து கை பழகிவிடும்.

ஒரு வரிசைக்கு ஐந்து சென்டிமீட்டர் நூல் போகும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வால் விட்டது போக ஒரு துண்டு நூலில் ஏறக்குறைய 19 வரிசை வரும். அதனால் 94 வரிசைக்கு ஐந்து துண்டு. நூலை ஓரத்தில் முடிச்சுப் போட்டு முடிக்க வேண்டாம், முடிச்சு முட்டிக்கொண்டு தெரியும். வாலை முந்தைய மூன்று நான்கு வரிசைகளுக்குள் இப்படியும் அப்படியும் ஓட்டி வெட்டினால் போதும்.

மூன்றாவது பட்டை போனது என் அவசரத்தால். 41ஆம் வரிசையில் இருந்தபோது 23ஆம் வரிசையில் ஒரு மஞ்சள் மணி ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பதினெட்டு வரிசை பிரிக்க மனமில்லை. மணியை உடைத்துவிட்டுப் புது மணி வைக்கலாம் என்று குறடால் அழுத்தினேன். மணி உடைந்தது, கண்ணாடிச் சில்லு உள்ளே இருந்த ஊடையையும் பக்கத்துப் பாவு இழையையும் சேர்த்து அறுத்தது. மூன்று வரிசை கண்முன்னே சரிந்தது. உடைக்கத்தான் வேண்டுமென்றால் குறடு கூடாது. துளைக்குள் தடித்த ஊசியையோ கூர்மையான குத்தூசியையோ நுழைத்துத் தள்ள வேண்டும். அப்போது மணி உள்ளிருந்து வெளிப்பக்கமாக வெடிக்கும், நூல் தப்பிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே துணியை மூடிக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் தனி நூலை அந்த வரிசைக்குள் ஓட்டி, காலியிடத்தில் சரியான மணியைச் சேர்த்து, இரண்டு பக்கத்துப் பாவையும் சுற்றி எடுத்தால் நிற்கும். பிற்பாடு ஒரு முறை இப்படிச் செய்து பார்த்தேன், எங்கே மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிழை வராமல் பார்த்துக்கொள்வதற்கு அப்பா ஒரு வழி சொன்னார். சின்ன வயதில் அவர் தாத்தாவின் கோர்வைத் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை, அதாவது கரைக்கான ஊடை நூல் ஓடும் கட்டையைத் தள்ளியவர். உடலும் கரையும் வேறு நிறமாக இருந்தால் ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் என் வரைபடத்தை வாங்கி, மேலே ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "நாலு மஞ்சள். ரெண்டு அரக்கு. அஞ்சு பச்சை. ரெண்டு அரக்கு. நாலு மஞ்சள்." படிப்பதை நான் கோப்பேன், கோத்ததை அவர் எண்ணுவார். கோத்த ஊசியை வரைபடத்தின் மேலேயே வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் பாவுக்கு அடியில் கொண்டுபோவேன். அந்த நான்காவது பட்டையில் ஒரு பிழை இல்லை. படிக்க ஆள் இல்லாதவர்கள் செல்போனில் வரிசைகளைத் தாங்களே பேசிப் பதிந்து வைத்துக் கேட்கலாம். நானும் அப்பா ஊருக்குப் போன பிறகு அப்படித்தான் செய்கிறேன். ஒரே குறை, பதிவு என்னிடம் "கண்ணாடியத் துடைம்மா" என்று சொல்லாது.

கண்ணைப் பற்றிச் சொன்னால் காலை வெளிச்சம்தான் சரி. டியூப்லைட்டில் அரக்கும் காப்பிப்பொடி நிறமும் ஒன்றாகத் தெரியும். நான் அரைமணிக்கு ஒரு முறை எழுந்துவிடுவேன், கழுத்து அதற்கு மேல் கேட்காது. வரிசைக்கு மூன்று நிமிடம் என்றால் 94 வரிசைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை நாலைந்து காலைகளாகப் பிரித்துக்கொண்டேன்.

முனை முடிப்பதில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. சேலை முந்தானைக்குக் குஞ்சம் போடுகிற மாதிரி இருபது இழையையும் பிரித்து முடிந்து விடலாம் என்றார். போட்டும் காட்டினார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பட்டு இழை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மீன்பிடி நூல் வழுக்கும். மறுநாள் காலையில் முடிச்சுகள் பாதி அவிழ்ந்து கிடந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விட்டார்.

நான் செய்தது இது. வெறும் நூலால் நெய்த அந்த அரை சென்டிமீட்டரில் வளைந்துகொடுக்கும் பசையைத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு இழைகளை வெட்டி, அந்தப் பகுதியைப் பின்னால் மடித்தேன். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அது கண்ணாடி போல விறைத்து நூலை முறிக்கும், மணியின் மேல் வெள்ளைப் படலமும் படியும். மடிப்பின் மேல் அம்மாவின் பழைய பட்டுச்சேலையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வைத்து, கடைசி வரிசை மணிகளின் ஊடாக ஊசி விட்டுத் தைத்தேன். தோலில் நூல் முனை குத்தாது. ஒரு பக்கம் பொத்தான். மறுபக்கம் மணிகளைக் கோத்த வளையம், பொத்தான் கொஞ்சம் சிரமப்பட்டு நுழையும் அளவுக்கு. வளையத்துக்குள் நூலை மூன்று முறை ஓட்டிவிடுங்கள். பட்டை அறுந்தால் அங்கேதான் முதலில் அறும்.

மகள் அதைக் கட்டிக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகிறது. குளிக்கும்போது கழற்றச் சொல்லியிருக்கிறேன், கழற்றுவதில்லை. வகுப்பில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம். அவர்களுக்கு ஐந்து மணி நேரத்துக்கு என்ன கூலி சொல்வது என்று தெரியாமல் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் அப்பாவிடமிருந்து போன். டிசைன் வரைகிற கிராஃப் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறாராம். அவர் காலத்தில், டிசைனைத் தறிக்குச் சொல்லும் துளை போட்ட ஜக்கார்டு அட்டை குத்துவதற்கு அதில்தான் வரைவார்கள். யாளி ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். "தும்பிக்கை சரியா விழல. குறுக்க எத்தனை மணி தாங்கும்?" என்றார். இருபத்தொன்பது போடலாம் என்றேன்.

"பத்தாது. நாப்பத்தொண்ணு போடு."

"அது பிரேஸ்லெட் இல்லப்பா, பெல்ட்."

"சரி, பெல்ட்டாவே இருக்கட்டும். பாவை மட்டும் நான் வந்ததும் போடு."